நாற்காலி மாறும் நாள்

அன்று சாயங்காலம் அந்த அறையில் இருந்தவர்கள்: எல்லோரும் ஸ்வெட்டர் என்று கூப்பிடும் குளிரறைக்காரன், இறால் உரிக்கும் மேசையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, அவளுடைய அண்ணனான மேஸ்திரி, ஒரு தட்டில் பொரித்த மீனோடு வந்திருந்த மேஸ்திரியின் பெண்டாட்டி. இவர்களோடு, வாசல் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதன் அடியில் வைத்திருந்த ஒரு செங்கல். அந்த வீட்டில் அதையும் ஓர் ஆளாகத்தான் கணக்கில் வைக்கவேண்டும்.

காற்று துளிகூட இல்லை. மழை வரும்போல இருந்து வராமல் போன நாள். தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட கம்பெனி வீடுகளில் இது கடைசி வீடு. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் குளியலறை. சுவருக்கு அந்தப் பக்கம் குளிர் இயந்திரங்கள் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். குளிரை உள்ளே வைத்துக்கொண்டு வெப்பத்தை எல்லாம் இந்த வீடுகளின் பக்கம் ஊதித் தள்ளும். மேஸ்திரி சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஓர் அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் ஸ்வெட்டர் கழுத்துவரை மூடிய கம்பளிச் சட்டையோடு நின்றான். காதோரம் வியர்வை வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"பாக்குற எனக்கே வேர்க்குது மாப்ள. அதக் கழட்டித்தான் போடேன்."

"இருக்கட்டும் மச்சான்."

"நாளைக்கு இதோட வந்து நாற்காலியில உக்காந்துடாத. பாக்குறவங்க என்னமோ ஏதோன்னு நெனப்பாங்க."

"என்ன நெனப்பாங்க?" என்று அடுப்பு மூலையிலிருந்து அவன் மனைவி கேட்டாள்.

மேஸ்திரி வாசல் பக்கம் கையைக் காட்டினார். "மொதல்ல அந்தக் கல்ல எடுத்துட்டுக் கதவச் சாத்துங்க. பேசப்போறது வெளிய போகக் கூடாது," என்றார்.

யாரும் அசையாததால் அவரே எழுந்து போய்ச் செங்கல்லைக் காலால் தள்ளினார். கதவு மெதுவாக நகரத் தொடங்கியது. ஸ்வெட்டர் கட்டிலைச் சுற்றி ஓடிவந்து கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபடி நின்றான், அவ்வளவுதான். அவன் மனைவி வந்து குனிந்து கல்லைப் பழைய இடத்தில் வைத்தாள்.

"மெதுவாப் பேசு அண்ணே. அது போதும்."

அந்த வீட்டில் எந்தக் கதவும் தாழிடப்படுவதில்லை. குளியலறைத் தாழ்ப்பாளை ஸ்வெட்டரே திருகிக் கழற்றி எறிந்துவிட்டான். அவன் குளிக்கும்போது அவள் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அவள் குளிக்கும்போது அவன் நிற்பான். அண்டை வீட்டுக்காரர்கள் இதை வைத்துக் கொஞ்ச நாள் சிரித்தார்கள், பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கோடை தொடங்கும்வரை அவனுக்கு இந்தப் பெயர் கிடையாது. அவன் வேலை செய்வது பெரிய குளிரறையில். உரித்துக் கழுவிய இறால் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் அறை. அதன் கதவு ஒரு கை அகலம் தடித்தது. விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும், சாத்தினால் வெளிப்பக்கத் தாழ் தானாக விழும். உள்ளே இருப்பவன் வெளியே வர ஒரு பச்சைக் குமிழ் உண்டு. அதை அழுத்தித் தள்ளினால் கதவுக்குள் ஒரு கம்பி நகர்ந்து தாழைத் தூக்கிவிடும். அந்தக் கம்பி பனியில் இறுகி ஒடிந்து வெகுநாளாகிவிட்டது. ஆனால் அப்போது இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவன் உள்ளே பெட்டி அடுக்குவான், ஒருவன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சும்மா நிற்பதற்கு ஓர் ஆளா என்று மேனேஜர் கேட்டார். கதவுக்காரனை மீன் இறக்கும் பக்கம் அனுப்பினார்கள். அவனுக்குப் பதில் ஒரு மரக்கட்டை வந்தது. கதவிடுக்கில் கட்டையைச் செருகிவிட்டு உள்ளே போவது, வேலை முடிந்ததும் உருவிக்கொண்டு வருவது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒருநாள் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த யாரோ, வழியில் கிடக்கிறதே என்று கட்டையை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டு மணி அடித்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அவனுடைய தூக்குவாளி திறக்கப்படாமல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் மனைவி போய்த் தாழைத் தூக்கினாள். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து மேலே போர்த்திக்கொண்டு கதவடியில் சுருண்டு கிடந்தான். இமையெல்லாம் வெள்ளை. அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் கிடத்தினார். அதே அண்ணன்தான் அன்று மாலை எல்லோரிடமும், உள்ளே தூங்கிவிட்டான் என்று சொன்னார். அந்தப் பேச்சே நிலைத்துவிட்டது. ஐஸ் மெத்தையில் படுத்தவன் என்று கொஞ்ச நாள். பிறகு ஸ்வெட்டர்.

மேஸ்திரியின் பெண்டாட்டி மீன் தட்டைக் கீழே வைத்தாள். "பேசுறத அப்புறம் பேசுங்க. சூடா இருக்கு, சாப்பிடு தம்பி," என்றாள் ஸ்வெட்டரிடம்.

"அவனுக்கு ஒத்திகை பாக்கணும். சோறு எங்கயும் ஓடிடாது," என்றார் மேஸ்திரி.

மறுநாள் சமத்துவ நாள். வருஷத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகம் சொல்லிக் கொண்டாடுவது. பலூன் கட்டுவார்கள், துணியில் எழுதித் தொங்கவிடுவார்கள், ஒரு விருந்தாளி வந்து பேசிவிட்டுப் போவார். கடைசியில் நாற்காலி மாற்றம். தொழிலாளி ஒருவர் மேனேஜரின் நாற்காலியில் உட்காருவார். மேனேஜர் அந்தத் தொழிலாளியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு எதிரில் நிற்பார். நாற்காலியில் இருப்பவர் ஒரே ஓர் உத்தரவு போடலாம், அதை மேனேஜர் செய்தே ஆகவேண்டும். போன வருஷம் இறால் மேசைப் பெண் ஒருத்தி, ஓர் இறாலை உரித்துக் காட்டச் சொன்னாள். மேனேஜர் விரலைக் குத்திக்கொண்டார். அந்தப் படம் நடைபாதையில் மாட்டியிருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் லாரி டிரைவர் சக்கரத்தைக் கழுவச் சொன்னான். என்ன உத்தரவு என்பதை முன்கூட்டியே மேஸ்திரிதான் முடிவு பண்ணுவார். இந்த வருஷம் தலைமை அலுவலகமே, குளிரறைக்காரரை உட்காரவையுங்கள் என்று சொல்லிவிட்டது. அவனைப் பற்றி எதுவோ அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று காட்ட மேனேஜரும் ஒத்துக்கொண்டார்.

மேஸ்திரி வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். "நான்தான் மேனேஜர். நீ உக்காரு."

"நீங்க நிக்கும்போது நான் எப்படி உக்கார்றது மச்சான்?"

"அதுக்குத்தான்டா சமத்துவம். உக்காரு."

ஸ்வெட்டர் நாற்காலி விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான்.

"சாய்ஞ்சு உக்காரு. ஊசி போட வந்தவன் மாதிரி உக்காராத. ஆங். இப்ப நான் கேக்குறேன். 'சொல்லுங்க சார், என்ன உத்தரவு?' நீ என்ன சொல்லுவ?"

"எல்லாருக்கும் உங்க கையால டீ ஊத்திக் குடுங்க."

"சத்தமா."

"எல்லாருக்கும் உங்க கையால டீ ஊத்திக் குடுங்க."

"சிரிச்சிக்கிட்டே சொல்லணும். சாவு வீட்டுல சொல்ற மாதிரி சொல்ற."

மேஸ்திரியின் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவரு டீ ஊத்துற மேனேஜராம். வீட்டுல ஒரு நாளாவது எனக்கு டீ ஊத்திக் குடுத்திருப்பாரா, கேளுங்க."

"உனக்கு நாற்காலி மாத்தம் வெச்சா என் கதி என்ன ஆகும்," என்றார் மேஸ்திரி. கொஞ்ச நேரம் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்வெட்டர்கூட உதட்டை இழுத்துக்கொண்டான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அண்ணன் முன்னால் நின்றாள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கட்டை எங்க அண்ணே?"

"எந்தக் கட்டை?"

"கதவுக் கட்டை. மத்தியானம் இவரு தேடிப் பாத்திருக்காரு. இல்ல."

மேஸ்திரி விசிறுவதை நிறுத்தினார். "கூட்டிப் பெருக்குனப்ப எடுத்துப் போட்டாச்சு. இனிமே கட்டை கிடையாது. கதவு திறந்திருந்தா மேல குளிர் காட்டுற எண்ணு சிவப்பாயிடுது. நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து வர்ற அம்மா அதத்தான் மொதல்ல பாப்பாங்களாம். நாளையிலேர்ந்து சாத்திட்டுத்தான் வேலை. மேனேஜர் சொல்லிட்டாரு."

"சாத்திட்டு எப்படி வெளிய வர்றது?"

"குமிழ் இருக்குல்ல."

"குமிழு ஒடஞ்சது."

"சரிபண்ணியாச்சு."

"யாரு வந்து பண்ணுனா?"

மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார். அவள் அவர் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தோரம் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"பெயின்ட் அடிச்சியா அண்ணே?"

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"சொல்லு. உள்ள கம்பி மாத்துனாங்களா, இல்ல மேலாப்புல பெயின்ட் மட்டும் அடிச்சியா?"

"கம்பி மாத்தணும்னா கதவையே கழட்டணும். கதவக் கழட்டுனா ரூமுச் சரக்கு மொத்தமும் போயிடும். யாரு அதுக்குப் பதில் சொல்றது? சரிபண்ணியாச்சான்னு மேனேஜர் கேட்டாரு, ஆச்சுன்னு சொன்னேன். அவரு மேல சொல்லிட்டாரு. அவ்வளவுதான். இப்ப என்ன, கொலையா நடந்துபோச்சு?"

"நடக்கப் பாத்துச்சு."

"அன்னிக்கு இவன் பயந்துட்டான். பயந்தா கை கால் ஓடாது. அதெல்லாம் தோளால ஒரு இடி இடிச்சா திறந்துக்கும். நான் அந்தக் கதவ எத்தன வருஷமாப் பாக்குறேன்."

"இடிச்சேன் மச்சான்," என்றான் ஸ்வெட்டர் நாற்காலியிலிருந்து. அவ்வளவு நேரம் அவன் அங்கேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கலாம் என்று யாரும் சொல்லாததால் எழுந்திருக்கவில்லை.

"சரியா இடிச்சிருக்க மாட்ட."

அவன் இடது கையால் வலது தோளைத் தொட்டுக்கொண்டான். அந்தத் தோளில் தோல் உரிந்து ஆறிய தழும்பு கம்பளிக்கு அடியில் இருந்தது. அவன் மனைவிக்குத் தெரியும்.

"டீ வேணாம்," என்றாள் அவள். "நாளைக்கு அந்தக் குமிழச் சரிபண்ணச் சொல்லிக் கேக்கட்டும். ஒரு உத்தரவுதானே. அதக் கேக்கட்டும்."

மேஸ்திரி மெதுவாகத்தான் பேசினார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"கேட்டா என்ன ஆகும் தெரியுமா? ஏற்கெனவே சரியாத்தானே இருக்குன்னு அந்த அம்மா மேனேஜரப் பாப்பாங்க. மேனேஜர் என்னப் பாப்பாரு. அன்னிக்கே நான் வீட்டுக்குப் போகணும். நான் போனா நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு நாள் இருப்பீங்க? இது யாரு வீடு? இந்தச் சுவரு யாருது? எங்க போவீங்க? உங்கள வேலைக்குச் சேத்தது நான். என் வாய்ல மண்ண அள்ளிப் போட்டுடாதீங்க."

"அவரு உள்ள செத்தா?"

"வாயக் கழுவு."

அண்ணி குறுக்கே வந்தாள். "விடு. நாளைக்கு ஒரு நாள் போகட்டும். அப்புறம் இவரே நல்ல நேரம் பாத்துச் சொல்லுவாரு." புருஷனைப் பார்த்து, "சொல்லுவீங்கல்ல?" என்றாள்.

"சொல்றேன். சொல்லாம எங்க போறேன்." மேஸ்திரி பொத்தான்களைப் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பி, "டீ. சிரிச்சிக்கிட்டே. மறந்துடாத மாப்ள," என்றார். செங்கல்லைத் தாண்டிக் காலை வைத்துப் போனார்.

அவர்கள் போன பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மீன் ஆறியிருந்தது. அவன் நிறையச் சோறு போட்டுக்கொண்டு கொஞ்சமாகத் தின்றான்.

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேல சரக்கு வருது. நெறைய. பூரா நான்தான் அடுக்கணும்," என்றான்.

"நான் வந்து கதவுகிட்ட நிக்கிறேன்."

"உன்ன மேசைய விட்டு விடுவாங்களா?"

விட மாட்டார்கள். அவளுக்குத் தெரியும். இறால் மேசையிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கவே கையைத் தூக்கிக் கேட்கவேண்டும்.

"அங்க இருட்டா இருந்துச்சா?" என்று கேட்டாள். இதுவரை கேட்டதில்லை.

"லைட்டு எரிஞ்சிட்டுத்தான் இருந்துச்சு." அவன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டான். "அதான் கஷ்டம். எல்லாம் நல்லாத் தெரியுது. கதவு தெரியுது. குமிழ் தெரியுது. உங்க பேச்சுச் சத்தம்தான் கேக்கல. சாப்பாட்டு மணி அடிச்சதும் கேக்கல. நான் கத்துறது எனக்குக் கேக்குது. வெளிய போகுதா இல்லயான்னு தெரியல. கொஞ்ச நேரத்துல கத்துறதுக்கே வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா?"

"ஆமா. யாரோ பாத்துச் சிரிக்கிற மாதிரி."

அவள் எழுந்து தட்டுகளை எடுத்தாள்.

"நாளைக்கு நீங்க எத வேணாலும் சொல்லுங்க," என்றாள் கழுவிக்கொண்டே. "நான் திட்ட மாட்டேன். டீன்னு சொன்னாலும் திட்ட மாட்டேன். ஆனா சாத்துன ரூமுக்குள்ள உங்கள நான் அனுப்ப மாட்டேன். அண்ணன் வீட்டு வாசல்ல போய்ப் படுத்துக்குவேன்."

அவன் போய்ச் செங்கல் நகராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

காலையில் தொழிற்சாலையை அடையாளம் தெரியவில்லை. சரக்கு ஏற்றும் கூடத்தைக் கழுவிக் காயவைத்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மீன் வாடைக்கு மேல் பூச்சி மருந்து வாடை. இரண்டு குளிரறைகளின் கதவுகளுக்கும் நடுவில் 'எல்லோரும் சமம்' என்று எழுதிய துணி தொங்கியது. கதவைத் திறந்தால் இடிக்கும் என்று பெரிய அறைப் பக்கம் அதன் நுனியைச் சுருட்டிவிட்டிருந்தார்கள். பெண்களுக்குப் புதுத் தொப்பி கொடுத்திருந்தார்கள். கறை பட்டால் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்றும் சொல்லியிருந்தார்கள். பெரிய அறைக் கதவுக்கு மேல் எண்கள் சமர்த்தாகப் பச்சையில் எரிந்தன.

அவளும் அண்ணியும் இறால் மேசைப் பெண்களோடு பக்கவாட்டில் நின்றார்கள். அவள் கண் பெரிய அறைக் கதவிலேயே இருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மா நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார். உரிமை கேட்டு வாங்குவதல்ல, கூடவே பிறந்தது என்றார். பெரியவர் சின்னவர் என்பது வேலையில் இருக்கலாம், மனுஷனில் இல்லை என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. எல்லோரும் தட்டினார்கள். எப்போது தட்டவேண்டும் என்று மேஸ்திரி பின்னாலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு மேனேஜரின் நாற்காலி வந்தது. சக்கரம் வைத்த கறுப்பு நாற்காலி. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். ஸ்வெட்டர் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. உட்கார்ந்ததும் நாற்காலி பின்னால் உருண்டது. காலை ஊன்றி நிறுத்தினான். கூட்டம் சிரித்தது.

"பிரேக் புடிங்க சார்," என்று டிரைவர் ஒருவன் குரல் கொடுத்தான்.

மேனேஜர் கோட்டைக் கழற்றிவிட்டு ஸ்வெட்டரின் பஞ்சு வைத்த குளிரறைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். கை நீளம் பத்தவில்லை, வயிறு மூடவில்லை. அவரும் சிரித்தார். ஒரு மேசையில் பெரிய கெட்டிலும் காகிதக் கோப்பைகளும் தயாராக இருந்தன. கெட்டில் மூக்கிலிருந்து ஆவி வந்தது.

"சொல்லுங்க சார்," என்றார் மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு. "என்ன உத்தரவு?"

ஸ்வெட்டர் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தான். மேஸ்திரி உதட்டை மட்டும் அசைத்து, டீ என்றார். மறுபடியும், டீ.

"டீ," என்றான் ஸ்வெட்டர்.

அவள் மூச்சை விட்டாள். நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிலர் தட்டத் தொடங்கிவிட்டார்கள். மேனேஜர் கெட்டிலை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"டீ அப்புறம் குடிக்கலாம் சார்," என்றான் ஸ்வெட்டர். குரல் சன்னமாக இருந்தது. ஆனால் கூடம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "மொதல்ல நீங்க ரூமுக்குள்ள போங்க. நான் கதவச் சாத்துறேன். குமிழத் தள்ளி நீங்களே திறந்துட்டு வாங்க. வந்து டீ குடிப்போம்."

மேனேஜர் கெட்டில் பக்கம் நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். விருந்தாளி அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அருமை," என்றார். "இதைத்தான் நான் சொன்னேன். அவர் தினமும் நிற்கிற இடத்தில் நீங்கள் ஒரு நிமிஷம் நின்று பார்க்கவேண்டும்." அவர் தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். இந்த முறை மேஸ்திரி கையைத் தூக்கவில்லை.

மேனேஜர் சிரித்தபடியே கதவுவரை போனார். தாழைத் தூக்கித் திறந்தார். வெள்ளைப் புகை காலடியில் ஊர்ந்து வந்தது. மேலே எண்கள் சிவப்பாக மாறின. கதவின் உள்பக்கத்தில் குமிழ் புத்தம் புதுப் பச்சையில் பளபளத்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் மேஸ்திரியைப் பக்கத்தில் கூப்பிட்டார். மெதுவாகத்தான் பேசினார். இறால் மேசைப் பெண்கள் நின்றது அதற்குப் பக்கத்தில்தான்.

"சரிபண்ணியாச்சுல்ல?"

"ஆச்சு சார்."

"நல்லாப் பாத்துட்டியா?"

மேஸ்திரி மேனேஜர் போட்டிருந்த பஞ்சுக் கோட்டைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கூடத்தில் அப்போது குளிர்தான் பரவிக்கொண்டிருந்தது.

"நான் போறேன் சார்," என்றார்.

மேனேஜர் பஞ்சுக் கோட்டை உடனே கழற்றி மேஸ்திரியின் கையில் கொடுத்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எனக்குச் சளி. நம்ம மேஸ்திரி போவார். யார் போனால் என்ன, எல்லோரும் சமம்தானே," என்றார். விருந்தாளி அம்மா அதற்கும் சிரித்துத் தட்டினார்.

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"திறக்கும்ல?"

அவள் கதவையே பார்த்தாள்.

"தோளால இடிச்சா திறக்கும்னு அவருதானே சொன்னாரு. நேத்து நீயும் கேட்டல்ல?"

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்பி ஒடிந்திருக்கிறது, வெறும் பெயின்ட்தான் என்று அவள் கத்தினால் அண்ணன் உள்ளே போகவேண்டாம். அவர் வேலை அங்கேயே போய்விடும், வீடு போய்விடும், இரண்டு வீடும். கத்தாவிட்டாலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் சாயங்காலம் பெட்டி கட்டவேண்டியதுதான். அவளுக்கு அது புரிந்துவிட்டது. அவள் அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதில் ஆற்றில் குதிக்கிறேன் என்று பந்தயம் கட்டிவிட்டுக் கரையில் நிற்கும்போதும் அவருக்கு இதே முகம்தான். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுவார். அன்றைக்கெல்லாம் அவள்தான் இழுப்பாள்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஸ்வெட்டர் நாற்காலியை விட்டு எழுந்திருந்தான். நாற்காலி பின்னால் உருண்டுபோய் டீ மேசையில் முட்டி நின்றது. அவன் கூடத்தைக் கடந்து வந்து கதவைப் பிடித்தான். வீட்டில் அதே கை கதவு சாத்தாமல் இருக்கப் பிடித்ததை நேற்றுத்தான் அவள் பார்த்தாள்.

மேஸ்திரி கோட்டைப் போட்டுக்கொண்டார். வாசல்படியில் நின்றார். "மாப்ள," என்றார். மற்றவர்களுக்குக் கேட்காத குரல். "ரெண்டு தட்டுத் தட்டுறேன். திறந்துருவல்ல?"

"தட்டுனா வெளிய கேக்காது மச்சான்."

மேஸ்திரி அவனையே பார்த்தார்.

"நான் இங்கயேதான் நிப்பேன். எங்கயும் போக மாட்டேன்," என்றான் ஸ்வெட்டர். "நீங்க இடிங்க. தோளால."

விருந்தாளி அம்மா படம் எடுப்பவனை முன்னால் வரச் சொன்னார். மேஸ்திரி ஒருமுறை தங்கை நின்ற பக்கம் திரும்பினார். பிறகு குனிந்து, தலை இடிக்காத உயரத்திலும் குனிந்து, உள்ளே போனார். புகை அவர் முதுகை மூடியது. ஸ்வெட்டர் கையை எடுத்தான். கதவு தன் பாட்டில் மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.